அடிமைச் சாசனம் எழுதிய மேய்ப்பர்



நம் பங்கின் பொன்விழா மலருக்குப் புனிதர் ஒருவருடைய வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, என் நினைவு நான் இப்பங்கிற்கு வந்து சேர்ந்த முதல் நாளுக்குச் சென்றது. அன்று பேருந்து நிற்கும் இடத்தில் நீங்கள் மாலையும் மேளமுமாகக் காத்திருந்தீர்கள். என் பெட்டியையும் படுக்கையையும் தூக்கிக்கொள்ள நான்கு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். நானும் மறுப்புச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தேன். வழியில் தலையில் விறகுச் சுமையோடு வந்த முதிய தாய் ஒருவர் எனக்காக ஒதுங்கி நின்றார். ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர் கேட்டார். நானும் ஆசீர் அளித்துவிட்டு நடந்தேன். அவருடைய சுமையை ஒரு கணம் இறக்கிப் பிடிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு படுக்கையில் சாய்ந்த பிறகுதான் அது மனத்தில் உறைத்தது.

அப்போது என் நினைவுக்கு வந்தவர் யோசேப்பு வாஸ் அடிகளார். குருமடத்தில் நாங்கள் பயின்ற நாட்களில், உணவறையில் எல்லோரும் மௌனமாக உண்ண, ஒருவர் புனிதர் வரலாற்றை உரக்க வாசிப்பது வழக்கம். அங்கேதான் அவர் வரலாற்றை முதன்முதலாகக் கேட்டேன். பசியோடு இருந்த இளைஞனின் காதில் பாதி விழுந்தது, பாதி விழவில்லை. பிற்காலத்தில் அதைத் தேடிப் படித்தேன். தலைமை என்பது என்ன, தியாகம் என்பது என்ன என்று யாரேனும் என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பொன்விழாக் கொண்டாடும் நமக்கு அது மிகவும் பொருத்தமானது என்று எண்ணி, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

கோவா தந்த குரு

யோசேப்பு வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், கோவாவில் பெனாவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார். அது அவருடைய தாயின் ஊர். தந்தையின் ஊர் சாங்கோவாலே. பக்தியும் ஓரளவு வசதியும் உள்ள குடும்பம். வீட்டில் பேசிய மொழி கொங்கணி. கல்விக்காகப் போர்த்துக்கீசிய மொழியையும் இலத்தீனையும் கற்றார். கோவா நகரிலிருந்த பெரிய கல்லூரிகளில் தத்துவமும் இறையியலும் பயின்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார்.

குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்தே அவர் செய்த ஒரு காரியம் ஊராரை வியக்க வைத்தது. காலணி அணிவதை விட்டுவிட்டார். அந்நாளில் நம் நாட்டு ஏழைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். அவர்களைப் போலவே தாமும் நடக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். நல்ல மறையுரையாளர், சிறந்த ஆன்ம குரு என்று விரைவிலேயே பெயர் பெற்றார். இருப்பினும் அக்காலத்தில் கோவாவின் பெரிய துறவற சபைகள் இந்நாட்டு மண்ணில் பிறந்தவர்களைப் பொதுவாகத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை. திறமையிருந்தும் இந்நாட்டுக் குருக்கள் இரண்டாம் இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அந்த அவமதிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக அவர் யாரோடும் வழக்காடவில்லை. தமக்குக் கிடைத்த இடத்தையும் விட்டு இன்னும் கீழே இறங்க அவர் வழி தேடினார்.

அடிமைச் சாசனம்

அந்நாட்களில் கோவாவில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் வழக்கம் இருந்தது. வீடுகளில் அடிமைகள் இருந்தனர். அவர்களை வாங்கவும் விற்கவும் பத்திரங்கள் எழுதப்பட்டன. அடிமை என்னும் சொல்லின் முழுப் பொருளும் அன்றைய மக்களுக்குக் கண்கூடாகத் தெரியும். சொந்தமாக ஓர் அணாவும் இல்லாதவன், சொந்த விருப்பம் என்று ஒன்றும் இல்லாதவன், சொன்ன இடத்திற்குச் செல்ல வேண்டியவன் அடிமை.

1677-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், சாங்கோவாலேயில் ஆரோக்கிய மாதாவின் ஆலயத்தில், இருபத்தாறு வயதுக் குருவான யோசேப்பு வாஸ் ஒரு சாசனம் எழுதிக் கையெழுத்திட்டார். தம்மைத் தேவதாயின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுக்கும் பத்திரம் அது. மற்றவர்கள் வறுமையாலும் வன்முறையாலும் அடிமையானார்கள். இவரோ ஒருவரும் வற்புறுத்தாமல், தம் மனமார அடிமையானார். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிற்கும் வேர் இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. அடிமையாகத் தம்மை எழுதிக் கொடுத்தவருக்கு, பறிபோகும் என்று அஞ்சுவதற்கு மானம், மரியாதை, பதவி எதுவும் மிச்சமில்லை.

1681-இல் அவர் கனரா நாட்டுக்கு, அதாவது மங்களூரைச் சூழ்ந்த பகுதிக்கு, மேற்பார்வைக் குருவாக அனுப்பப்பட்டார். அங்கே திருச்சபையின் அதிகாரம் யாருக்குரியது என்பதில் இரு தரப்பினரிடையே கசப்பான பூசல். ஒவ்வொரு தரப்பும் மக்களைத் தன் பக்கம் இழுத்தது. அந்நிலையிலும் அவர் பொறுமையோடு இரு தரப்பாரிடமும் பேசி, மக்களுக்குத் திருவருட்சாதனங்கள் தடையின்றிக் கிடைக்கப் பாடுபட்டார். பாழடைந்த ஆலயங்களைச் செப்பனிட்டார், சிறுவர்களுக்குப் பள்ளிகள் அமைத்தார். 1684-இல் கோவாவுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு, கோவாவில் இந்நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றாகக் கூடி வாழ்ந்த சிறு குழுவில் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக ஏற்றார்கள். புனித பிலிப்பு நேரியார் வகுத்த ஒழுங்கின்படி அக்குழுவை அவர் ஒரட்டோரியன் சபையாக உருவாக்கினார். சபை வளர்ந்தது, நற்பெயரும் வந்தது. நம்மில் பலருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய உள்ளம் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தீவையே நினைத்துக்கொண்டிருந்தது.

மேய்ப்பன் இல்லாத மந்தை

அந்தத் தீவு இலங்கை. போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தில் அங்கே கத்தோலிக்க மறை பரவியிருந்தது. 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். அவர்கள் கால்வினின் கொள்கையைப் பின்பற்றியவர்கள். போர்த்துக்கீசியரோடு அவர்களுக்கிருந்த பகை கத்தோலிக்கர் மீதும் பாய்ந்தது. குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. அக்காலத்துக் கசப்பை இன்று பிரிந்த சகோதரர் எவர் மீதும் நாம் சுமத்த வேண்டியதில்லை. கத்தோலிக்கரும் தம் ஆட்சி நடந்த இடங்களில் மற்றவர்களைத் துன்புறுத்தியதுண்டு. ஆயினும் அந்த மக்கள் பட்ட துன்பம் உண்மையானது.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர்கள் குருவின்றி வாழ்ந்தார்கள். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, இறக்கும் தறுவாயில் நோயிற்பூசுதல் இல்லை. தாய்மார்கள் இரவில் கதவைத் தாழிட்டுப் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக் கொடுத்தார்கள். மாந்தையில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று மறைந்தார்கள். இன்று மடு மாதா என்று நாம் அறிந்து வணங்குவது அந்தச் சுரூபத்தைத்தான். மக்கள் விசுவாசத்தைக் காத்தார்கள். ஆனால் அப்பம் பிட்டுத் தர ஆள் இல்லை.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. ஐரோப்பியக் குரு அங்கே போனால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கரு நிறமும் ஏழைக் கோலமும் கொண்ட ஒருவர்தாம் உள்ளே நுழைய முடியும். தம் நாட்டவர் எதற்காக இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டார்களோ, அதே காரணம் இங்கே தமக்கு வாசல் திறக்கும் என்று யோசேப்பு வாஸ் கண்டுகொண்டார். சபைத் தலைமையை விட்டார். 1686-இல் கோவாவிலிருந்து புறப்பட்டார்.

கூலியாள் கோலத்தில்

அவரோடு சென்றவர் யோவான் என்னும் பணியாள். வரலாறு அவருக்கு அந்தப் பெயரை மட்டுமே வைத்திருக்கிறது. மேலைக் கடற்கரை வழியாக நெடுந்தொலைவு நடந்து, முத்துக்குளித்துறையில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கியைக் கழற்றிவிட்டு, கூலியாளைப் போல இடையில் துண்டும் தோளில் துணியுமாக அடிகளார் நின்றார். அந்தக் கோலத்தில் இருவரில் யார் எஜமானர், யார் ஊழியர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திராது. அவருக்கும் அது தெரிய வேண்டியிருக்கவில்லை.

1687-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா வேளையில் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். புயல் கப்பலை அலைக்கழித்து மன்னாரில் ஒதுக்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, பயணத்தின் கொடுமையால் அடிகளாருக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு. தொற்றுநோய் என்று அஞ்சி அவர்களை ஊருக்கு வெளியே காட்டோரம் தள்ளிவிட்டார்கள் என்றும், இரக்கமுள்ள பெண்ணொருவர் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததால் உயிர் பிழைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு நாட்டுக்கே ஆன்ம உணவு கொடுக்க வந்தவர், அங்கே முதலில் பெற்றுக்கொண்டது ஓர் ஏழைப் பெண்ணின் கைக் கஞ்சி. பங்கு மக்களே, இதை நாம் கவனிக்க வேண்டும். பணி செய்ய வருகிறவன் முதலில் பணிவிடை பெறக் கற்க வேண்டும். வாங்கத் தெரியாத கை, கொடுக்கும்போது தன்னை உயர்த்திக்கொள்ளும்.

உடல் தேறியதும் பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்றார். கழுத்தில் செபமாலை ஒன்றை வெளியே தெரியும்படி தொங்கவிட்டிருந்தார். அதைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறது, யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். முதலில் அவர்கள் நம்பவில்லை. ஒல்லாந்தரின் ஒற்றனோ என்று ஐயுற்றார்கள். ஐயம் நீங்கியதும் நல்லவர் ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். பகலில் மறைந்திருந்தார். இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, விடியுமுன் வேறிடம் சென்றுவிடுவார். தமிழ் மொழியைக் கற்று, மக்கள் மொழியிலேயே அவர்களோடு செபித்தார்.

மக்கள் கொடுத்த விலை

1689-இல் அவர் சில்லாலைக் கிராமத்தில் தங்கினார். அங்கே கத்தோலிக்கர் எண்ணிக்கையில் மிகுந்தும் விசுவாசத்தில் உறுதியாகவும் இருந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு. யாழ்ப்பாணத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த வீட்டிற்குள் ஒல்லாந்தப் படைவீரர்கள் நுழைந்தார்கள். இருநூறு பேரளவில் பிடிபட்டார்கள். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் எட்டு ஆண்கள் கொடிய கசையடிக்கு ஆளானார்கள். முன்பு கால்வினியராயிருந்து கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த தொன் பேதுரு என்பவர் அந்த அடியிலேயே உயிர் துறந்தார். மற்ற ஏழு பேரும் வாழ்நாள் முழுவதும் கடின வேலை செய்யத் தீர்ப்பிடப்பட்டார்கள்.

அந்த இரவுக்குப் பின் அடிகளாரின் உள்ளம் எப்படியிருந்திருக்கும்? தமக்காகப் பிறர் அடிபட்டார்கள், ஒருவர் இறந்தே போனார், தாமோ தப்பிவிட்டார். மேய்ப்பனுக்கு இதைவிடப் பெரிய வேதனை இல்லை. தாமே சரணடைந்திருந்தால் ஒரு நாளில் வேதசாட்சி முடி கிடைத்திருக்கும். ஆனால் தீவு முழுவதற்கும் மறுபடியும் ஒரு குருவும் இல்லாமற் போயிருக்கும். அவர் சாவதைவிடக் கடினமானதைத் தேர்ந்துகொண்டார். தொடர்ந்து வாழ்ந்து, தொடர்ந்து உழைத்து, அந்த மக்கள் கொடுத்த விலைக்குத் தம் எஞ்சிய நாட்கள் அனைத்தையும் ஈடாக வைத்தார். தியாகம் என்றவுடன் நாம் இரத்தம் சிந்துவதையே நினைக்கிறோம். நாள்தோறும் உயிரோடு இருந்து தன்னைக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் தியாகமே.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தியாகம் செய்தவர் அடிகளார் மட்டும் அல்லர். வீட்டைத் திறந்துவிட்டவர்கள், கஞ்சி கொடுத்தவர், அடிபட்ட எண்மர், பிடிபட்ட இருநூறு பேர் ஆகிய இவர்கள் இல்லாமல் யோசேப்பு வாஸ் என்னும் புனிதர் இல்லை.

கண்டிச் சிறையில்

1690-இல் அவர் புத்தளத்திற்குச் சென்று ஓராண்டு பணியாற்றினார். 1692-இல் தீவின் நடுவே, ஒல்லாந்தரின் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசுக்குப் போனார். அங்கே பௌத்தரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். ஆனால் பிரெஞ்சு நாட்டுக் கால்வினியர் ஒருவர், இவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று அரசரிடம் கோள் சொல்லிவிட்டார். நகருக்குள் நுழையுமுன்பே யோசேப்பு வாஸும் உடனிருந்த இருவரும் சிறைப்பட்டார்கள்.

சிறைவாசம் அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அங்கே சிங்கள மொழியைக் கற்றார். தப்பியோட மாட்டார் என்று காவலர்க்கு நம்பிக்கை வந்ததும் கட்டுக்காவல் தளர்ந்தது. சிறு குடிசைக் கோவில் ஒன்றைக் கட்டினார். அது பின்னர் தேவதாயின் பெயரால் சற்றுப் பெரிய ஆலயமாயிற்று. கைதிகளும், நகரிலிருந்த கத்தோலிக்கரும் அவரைத் தேடி வந்தார்கள். 1696-இல் கொடிய வறட்சி வந்தபோது, அரசர் கேட்டுக்கொண்டபடி அவர் பீடமும் சிலுவையும் அமைத்து மன்றாடினார் என்றும், மழை பொழிந்தது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதன் பின் அரசு முழுவதும் சென்று பணியாற்ற அவருக்கு விடுதலை கிடைத்தது.

பெரியம்மை வந்தபோது

1697-ஆம் ஆண்டு கோவாவிலிருந்து அவருடைய சபையைச் சேர்ந்த குருக்கள் துணைக்கு வந்தார்கள். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கு முதன்மைக் குருவாக நியமித்த செய்தியையும் கொண்டுவந்தார்கள். பத்தாண்டுகள் தனியாக உழைத்தவருக்கு இப்போது பதவியும் வந்தது, உதவியாளரும் வந்தார்கள். அந்த வேளையில் கண்டி நகரில் பெரியம்மை பரவியது.

பெரியம்மையின் கொடுமையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மருந்து கிடையாது. பலர் இறப்பார்கள். பிழைத்தவர்களிலும் பலர் கண்ணிழப்பார்கள். அரசர் நகரை விட்டுப் போனார். வசதியுள்ளவர்கள் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டில் விட்டுச் சென்றார்கள். இறந்தவர்களை எடுக்க ஆளில்லை.

முதன்மைக் குரு ஓடவில்லை. அவரும் அவருடைய சகோதரி மகனான யோசேப்பு கார்வாலியோ அடிகளாரும் நகரில் தங்கினார்கள். ஆளற்ற வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினார்கள். காட்டில் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், அழுக்கை அள்ளினார்கள், குழி வெட்டி இறந்தோரைப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா, தம்மைச் சிறையில் அடைத்தவர்களா என்று கேட்கவில்லை. நோய் தணியும்வரை இதுவே அவர்கள் வேலை. இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அடிமைச் சாசனம் இங்கேதான் நிறைவேறியது. அந்நாளில் அடிமைகளிடம் விடப்பட்ட வேலைகள் எவையோ, அவற்றையெல்லாம் அவர் தம் கையால் செய்தார்.

நம் ஆண்டவர் இராவுணவின்போது இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். பெரிய வியாழனன்று நாம் ஆண்டுதோறும் அதை நினைவுகூர்கிறோம். பன்னிருவர் முன்கூட்டியே காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து அமர்கிறார்கள். குருவானவர் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார். நானும் அப்படித்தான் செய்கிறேன். கண்டியில் நடந்ததோ உண்மையான பாதம் கழுவுதல். அதைக் கண்ட அரசரும் மனம் நெகிழ்ந்து, அடிகளாரின் பணிக்கு முழு உரிமை அளித்தார்.

தலைமை தேடாத தலைவர்

நோய் தணிந்த பின் அவர் தீவெங்கும் நடந்தார். ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட ஊர்களுக்கும் மறைவாகச் சென்றார். 1705-இல் மேலும் குருக்கள் வந்தபோது, பணித்தளத்தை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு குருவிடம் ஒப்படைத்தார். ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் குரு வருவது எப்போதோ ஒரு முறைதான். ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியும் பொறுப்பேற்றார்கள். மூப்பர் ஆலயத்தையும் மக்களையும் கவனித்துக்கொள்வார். அண்ணாவி செபம் சொல்லுவார், சிறுவருக்கு ஞான உபதேசம் கற்பிப்பார், ஆபத்தில் திருமுழுக்கு அளிப்பார், இறந்தவரை அடக்கம் செய்வார். பொதுநிலையினரின் பணி என்று இன்று நாம் பேசுவதை, அடிகளார் அன்றே நடைமுறையில் கொண்டுவந்தார். தாம் இல்லாவிட்டாலும் மக்கள் நிற்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அவரோடு உழைத்த குருக்கள் எல்லாரும் இந்நாட்டு மண்ணில் பிறந்தவர்கள். எந்த அரசின் படையும் பணமும் அவர்களுக்குப் பின்னால் இல்லை. அவர்களுள் ஒருவர் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் எழுதியவர். தவக்காலத்தில் நம் மக்கள் உருக்கமாகப் பாடக் கேட்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததே. மொழியறிவு மிக்க இந்த இளைஞரை எழுத்துப் பணியில் ஊக்குவித்தவர் யோசேப்பு வாஸ். தம்மைவிடத் திறமையுள்ளவரை வளரவிடுவதும் தலைவனுக்கு ஒரு தியாகமே.

திருத்தந்தையின் தூதராகக் கீழ்த்திசை நாடுகளுக்கு வந்த துர்னோன் ஆண்டகை, இலங்கைக்குத் தனித் திருச்சபைத் தலைவராக யோசேப்பு வாஸை உயர்த்த விரும்பினார். அடிகளார் ஏற்கவில்லை. கோவாவில் தலைமையை விட்டு வந்தவர், இங்கே வந்த உயர்வையும் பணிவோடு விலக்கினார். முதன்மைக் குருவாக இருந்தபோதும் முன்போலவே வெறுங்காலோடு நடந்து மக்களைத் தேடிச் சென்றார்.

இறுதிப் பயணம்

1710-இல் உடல் நலிந்திருந்தும் மறுபடியும் ஒரு நீண்ட பயணம் புறப்பட்டார். வழியில் நோயுற்று, கண்டிக்குத் தூக்கி வரப்பட்டார். காய்ச்சல் மாறி மாறி வந்தது. ஓரளவு தேறியபின் எட்டு நாள் தியானம் தொடங்கினார். அது முடியுமுன்பே, 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தம் 59-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். இலங்கைக்கு வந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு முறைகூட அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை.

கண்டியில் அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் 1740-களில் அரசின் மனம் மாறியது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயமும் அழிந்தது. அவருடைய கல்லறை இதுதான் என்று சுட்டிக்காட்ட முடியாமற் போயிற்று. அவர் உருவாக்கிய மக்களோ அழியவில்லை. 1796-இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1806-இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு எதிரான பழைய சட்டங்களை நீக்கினார்கள். அப்போது மறைவிலிருந்து வெளியே வந்து நின்றது உயிருள்ள ஒரு திருச்சபை. 1995-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே நகரில் அவரைப் புனிதராக உயர்த்தினார். கல்லறையும் இல்லாத அடிமைக்குத் திருச்சபை பீடத்தில் இடம் கொடுத்தது.

நமக்கு என்ன சொல்கிறார்?

அன்பு மக்களே, நம் பங்கின் 50 ஆண்டு வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இங்கே குரு தங்கி இருக்கத் தொடங்குமுன், மாதம் ஒரு முறை சாமியார் வந்து பூசை வைத்துச் சென்ற காலம் இருந்ததென்று பெரியவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் மணியடித்தவர் யார்? மாலையில் அரிக்கன் விளக்கை ஏற்றிச் செபமாலை தொடங்கியவர் யார்? பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர் யார்? நடு இரவில் சாவு வீட்டுக்கு ஓடியவர் யார்? அன்றைய உபதேசியாரும் கோவில்பிள்ளையும், பெயர் தெரியாத தாய்மார்களும் அல்லவா? இந்த மலரில் ஆயர்களின் படங்கள் உண்டு, பங்குக் குருக்களின் படங்கள் உண்டு. அவர்களுடைய படம் இல்லை. படம் எடுத்து வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. யோசேப்பு வாஸின் கல்லறையைப் போலவே அவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் நம் ஆலயத்தின் அடித்தளத்தில் இருக்கிறார்கள்.

இன்று நம்மிடம் பங்குப் பேரவை இருக்கிறது, அன்பியங்கள் இருக்கின்றன, பல சபைகளும் சங்கங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிற்கும் தலைவர், செயலர், பொருளர் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் மனத்தாங்கலும் வருகிறது. திருவிழாவில் யார் பெயரை முதலில் வாசிப்பது, தேர் எந்தத் தெருவில் முதலில் நிற்பது என்பதில் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிற குடும்பங்களையும் நான் அறிவேன். குற்றம் உங்களுடையது மட்டுமன்று. முதல் நாளே என் பெட்டியை உங்கள் தலையில் ஏற்றிவிட்டு நடந்தவன் நான். மேய்ப்பன் காட்டும் வழியில்தானே மந்தை நடக்கும்!

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம்மில் ஒவ்வொருவரும் நமக்குத் தெரிந்த ஒரு சுமையைத் தேர்ந்துகொள்வோம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை வாரம் ஒரு முறை குளிப்பாட்டுவது, பார்வையற்ற ஒருவரைக் கோவிலுக்குக் கைப்பிடித்து அழைத்து வருவது, பேசாமல் இருக்கும் சகோதரன் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பது என ஏதேனும் ஒன்று. அதற்குப் பதவி வேண்டாம், தீர்மானம் வேண்டாம், மலரில் பெயரும் வேண்டாம். நானும் ஒன்றைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

அந்த விறகுச் சுமைத் தாய் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய சவப்பெட்டியைக் கல்லறைக்கு எடுத்துச் சென்றபோது, சிறிது தூரம் நானும் தோள் கொடுத்தேன். உயிரோடிருந்தபோது தாங்காத சுமை அது. காலம் கடந்துதான் தாங்கினேன். உங்களுக்கு அப்படி நேராதிருக்கட்டும்.

சனவரி 16-ஆம் நாள் புனித யோசேப்பு வாஸ் அடிகளாரின் திருநாள். அந்நாளில் அவருடைய மன்றாட்டை நம் பங்கிற்காகச் சிறப்பாக வேண்டுவோம். அடிமையாகித் தலைவரான அந்தப் புனிதர், நம்மையும் பணிவிடையின் பாதையில் நடத்தும்படி இறைவனிடம் பரிந்து பேசுவாராக. பொன்விழாக் காணும் நம் பங்கையும், உங்கள் குடும்பங்களையும் எல்லாம் வல்ல இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குக் குரு